பதினாலு கூடுதல்

எழுதிக்கொள்ளுங்கள் சார். அந்த வெள்ளிக்கிழமை இந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர்.

வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டு நான், சுருளியப்பன். கம்ப்யூட்டர் முன்னால் நர்ஸ் பிலோமினா. இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதே நாற்காலியில் வெள்ளத்தாய். சுவரோரப் பெஞ்சில் கோட்டைச்சாமி. ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர், காது போனதால் ஸ்டியரிங்கை விட்டுப் பதினொரு வருடம் ஆகிறது. அப்புறம் உங்கள் டிரஸ்டு மேனேஜர். அவர் கூட்டிவந்த போட்டோக்காரத் தம்பி. ஆறு. திரையில் பேசின டாக்டரையும் சேர்த்தால் ஏழு என்றார் மேனேஜர். நான் சேர்க்கவில்லை. மதுரையில் உட்கார்ந்திருக்கிறவரை இந்த அறையில் இருந்தார் என்று எப்படி எழுதுவது?

அன்றைக்குப் போன டோக்கன் இருபத்திரண்டு.

ஆறு பேருக்கு இருபத்திரண்டு டோக்கனா என்று பார்க்கிறீர்கள். சொல்கிறேன். நீங்கள் வந்த காரியத்துக்கும் அதில்தான் பதில் இருக்கிறது. உங்கள் பேப்பரில் அந்தக் காய்ச்சல் கேப்சூல் இருபத்தெட்டு. இப்போது நீங்களே அலமாரியில் எண்ணினீர்கள், நாற்பத்திரண்டு. பதினாலு கூடுதல். குறைந்திருந்தால் கிழவன் எடுத்துவிட்டான் என்று எழுதிவிட்டுப் போயிருப்பீர்கள். கூடினால் என்ன எழுதுவது என்று தெரியாமல் நாலு மணி நேரம் மலையேறி வந்திருக்கிறீர்கள். டீ ஆறுகிறது, குடியுங்கள்.

எங்கள் கூழம்பாறையில் எழுபத்தொரு வீடு. பஸ் ஒன்றுதான். காலையில் ஏழு மணிக்கு இறங்கினால் சாயங்காலம்தான் ஏறும். அடிவாரத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் நோவுக்காரர்கள் யாரும் போகமாட்டார்கள். வெள்ளத்தாய் போவாள். காப்பி எஸ்டேட்டில் பெண்களுக்கு மேஸ்திரி அவள். சனிக்கிழமை சந்தைக்கு இறங்கும்போது வீடு வீடாக நின்று, யாருக்கு என்ன என்று கேட்டுக்கொண்டு போவாள். எழுதத் தெரியாது, எல்லாம் மனசில்தான். அடிவாரத்து டாக்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொருவர் இருமலையும் அவரவர் மாதிரியே இருமிக் காட்டுவாள் சார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இது ஒச்சம்மா, இது முத்திருளி என்று ஆளைச் சொல்லிவிடலாம். டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருந்து கட்டிக்கொடுப்பார். அவருக்கு எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரையும் தெரியும். யாருக்கு எது சேராது என்றும் தெரியும். இருபது வருடம் இப்படித்தான் ஓடியது. போன வருடம் அவர் தவறிப்போனார்.

அப்புறம் ஆவணியில் உங்கள் டிரஸ்டின் இந்த சென்டர் வந்தது. காப்பிக்கொட்டை போட்டு வைத்திருந்த இந்தக் கிடங்குக்கு வெள்ளையடித்தார்கள். கம்ப்யூட்டர், விரலில் மாட்டுகிற கிளிப், பிரஷர் மெஷின், மருந்து அலமாரி எல்லாம் வந்தது. செவ்வாயும் வெள்ளியும், பத்து மணி முதல் ஒரு மணி வரை. மதுரை டாக்டர் திரையில் பேசுவார், சீட்டு அச்சாகி வரும், சீட்டைப் பார்த்து நான் மாத்திரை கொடுப்பேன். அலமாரிச் சாவி என் அரைஞாணில்.

ஏன் என்னிடம் கொடுத்தார்கள் என்றால், நான் எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் காப்பிப் பழத்தைத் தராசில் நிறுத்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்புதான். அந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒரு நாள் கணக்கில் மூன்று கிலோ குறைந்து உதைத்தது. அன்றைக்குக் கணக்கு எழுத இருந்த ரைட்டர் என்னைப் பெண்கள் வரிசைக்கு முன்னால் நிறுத்தி, "திருட்டு நாயே" என்று கன்னத்தில் ஒன்று வைத்தார். மறுநாள் பார்த்தால் தராசுத் தட்டுக்கு அடியில் ஈரச் சாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவருக்கும் தெரிந்தது. ஆனால் அதை வரிசைக்கு முன்னால் வந்து சொல்லவில்லை. அந்த வரிசையில் அன்னக்கொடியும் நின்றிருந்தாள். அன்னக்கொடி என் வீட்டுக்காரி. அப்போது கல்யாணமாகி இரண்டு மாதம்.

அன்றிலிருந்து என் கையில் ஒன்றுகூடக் குறைந்ததில்லை சார். அதை மட்டும் நீங்கள் தனியாக எழுதிக்கொண்டால் நல்லது.

முதல் நாள் இங்கே வந்தது மூன்று பேர். அடுத்த முறை இரண்டு. பத்திலிருந்து ஒன்று என்றால் எஸ்டேட்டில் வேலை நேரம், யார் கூலியை விட்டுவிட்டு வருவார்கள்? பெண்களுக்கு இன்னொரு கூச்சம். தெரியாத ஆம்பிளை, அதுவும் பெட்டிக்குள்ளிருந்து பார்க்கிறான், அவனிடம் எப்படிச் சொல்வது என்று. உங்கள் மேனேஜர் வந்து, "ஒரு நாளைக்கு இருபது பேராவது பாக்கலைன்னா மெஷின வேற மலைக்குக் கொண்டுபோயிருவாங்க பெரியவரே" என்றார். பிலோமினா முகம் சுண்டிப்போனது. அவள் சம்பளம் அந்த மெஷினோடு போய்விடும்.

நான்தான் சொன்னேன். வழக்கமாக வெள்ளத்தாய்தானே போய்ச் சொல்வாள், இங்கேயும் அவளே உட்காரட்டும் என்று.

பிலோமினா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஐயா, பேரு ஒருத்தவங்களுது, விரலு ஒருத்தவங்களுதா? பல்ஸு, ஆக்சிஜன் போட்டாத்தான் அடுத்த பக்கத்துக்கே போகும்."

"போட்டுக்க தாயி, எங்கிட்ட பத்து விரலு இருக்கு," என்று வெள்ளத்தாய் கையை நீட்டினாள். "எந்த விரலு யாருக்குன்னு நீயே பிரிச்சுக்க."

பிலோமினா சிரித்துவிட்டாள். அப்புறம் கிளிப்பை எடுத்து அந்த விரலில் மாட்டினாள்.

நான் ஒழுங்கு வகுத்தேன். அட்டையில் ஒன்று முதல் இருபத்தைந்து வரை என் கையாலேயே எழுதி டோக்கன் செய்தேன். விடிந்ததும் பெண்கள் வேலைக்குப் போகிற வழியில் சென்டரில் பேர் பதிந்து கொடுத்த கார்டை வெள்ளத்தாயிடம் கொடுத்து நோவைச் சொல்லவேண்டும். யார் கார்டு முதலில் வந்ததோ அவருக்கு முதல் டோக்கன். நாற்காலியில் இருப்பவர் மட்டும்தான் டாக்டரிடம் பேசலாம், அறையில் மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. முன்பு ஆளாளுக்குக் கத்தி டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார், அதனால் இந்த விதி. படம் ஓடினால் நெட்டு இழுக்காது, அதனால் படத்தை நிறுத்திவிட்டுப் பேச்சு மட்டும். அதற்கு நான் காரணமில்லை, மலை காரணம்.

ஐப்பசி முடியும்வரை ஒரு நாள்கூட இருபதுக்குக் கீழே போகவில்லை. ஒரு முறை டாக்டர் கேட்டார், "என்னங்க, உங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே குரலா?"

"ஒரே ஊத்துத் தண்ணி குடிக்கிறோம்ல சார்," என்றாள் வெள்ளத்தாய்.

அறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. விதிப்படி வாய் திறக்கக் கூடாது.

கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. மழை விட்டதும் எஸ்டேட்டில் செடிக்கு நடுவே புதர் வெட்டச் சொல்வார்கள், இடுப்பளவு புல்லில் நின்று வெட்டுவார்கள். ஒரு வாரத்தில் பதினொரு வீட்டில் காய்ச்சல். தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. அன்னக்கொடிக்குத் திங்கட்கிழமை ஆரம்பித்தது. அவளும் புதர் வெட்டப் போனவள்தான். ஐம்பத்தெட்டு வயசுக்கு எதற்கு என்றால் கேட்கமாட்டாள்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

மூன்றாவது டோக்கன் கோட்டைச்சாமி. அவர் காய்ச்சலோடு தன் உடம்பைத் தானே கொண்டுவந்திருந்தார். வெள்ளத்தாய் அவருக்குப் பேச முடியாது, ஏனென்றால் அவர் நோவைக் கேட்டால் பதில் சொல்லமாட்டார், கேள்வி காதில் விழாது. போட்டோ எடுப்பதற்காக மேனேஜர், "படத்தப் போடும்மா, டாக்டர் முகம் தெரியணும்" என்றார். பிலோமினா படத்தைப் போட்டாள். கோட்டைச்சாமி போட்டோவுக்காக வேட்டியை மடித்துக் காலை நீட்டிக் கம்பீரமாக உட்கார்ந்தார். டாக்டர் அங்கிருந்து, "அது என்ன கெண்டைக்கால்ல? கிட்டக் காட்டுங்க" என்றார். கருப்பாக ஒரு பொருக்கு. பீடி நெருப்பால் சுட்ட மாதிரி, சுற்றிச் சிவப்பு.

டாக்டர் குரலே மாறிவிட்டது. உண்ணிக் காய்ச்சல் என்றார். சின்னப் பூச்சி, கண்ணுக்குத் தெரியாது, புதரிலிருந்து ஏறும், கடித்த இடம் வலிக்காது, இப்படிப் பொருக்கு மட்டும் கட்டும். சரியான மருந்து கொடுத்தால் மூன்று நாளில் எழுந்துவிடலாம், விட்டால் நுரையீரலுக்குப் போகும் என்றார். சீட்டு வந்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஏழு நாள். பதினாலு. எழுபது இருந்தது, பதினாலு எடுத்துக் கொடுத்தேன், மீதி ஐம்பத்தாறு. கோட்டைச்சாமி சிரிக்க, போட்டோக்காரத் தம்பி மூன்று படம் எடுத்தார். அப்புறம் நெட்டு திணறியது, படத்தை நிறுத்தினார்கள்.

அதற்கப்புறம் காய்ச்சல் என்று வந்த ஒவ்வொரு டோக்கனுக்கும் டாக்டர் அதையே கேட்டார். "உடம்புல எங்கயாச்சும் கருப்பாப் பொருக்கு இருக்கா? அக்குள், தொடையிடுக்கு, மாருக்குக் கீழ, இடுப்புல சேலை கட்டுற எடம்?"

வெள்ளத்தாய் என்ன செய்வாள்? விடிகாலையில் கேட்டு வந்ததைத்தான் சொல்ல முடியும். பொருக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. "அப்படி ஒண்ணும் சொல்லல சார்" என்று சொல்லியிருக்கலாம். "இல்ல சார்" என்றாள். ஏழாவது டோக்கன் முத்திருளி, "இல்ல சார்." பன்னிரண்டு ஒச்சம்மா, "இல்ல சார்." ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. எல்லோருக்கும் தொண்ணூற்றெட்டு. பார்த்து நானே சந்தோஷப்பட்டேன். பொருக்கும் இல்லை, மூச்சும் நன்றாக இருக்கிறது, சாதாரணக் காய்ச்சல்தான் என்று டாக்டர் காய்ச்சல் மாத்திரை பத்துப் பத்தாக எழுதினார்.

பத்தொன்பதாவது டோக்கன் அன்னக்கொடி.

வெள்ளத்தாய் முந்தின சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்து அன்னக்கொடி பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தே, எப்படி மொனங்குறீக, காட்டுங்க" என்று கேட்டு, அதே மாதிரி முனகிப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். அன்னக்கொடி காய்ச்சலோடு சிரித்தாள். "என்னய விட நல்லா மொனங்குறடி." அந்த முனகலை வெள்ளத்தாய் டாக்டருக்குச் செய்து காட்டினாள். அச்சு அசல். டாக்டர் கேட்டார், "பொருக்கு இருக்கா?"

இருந்தது சார்.

புதன்கிழமை வெந்நீர் ஊற்றும்போது நான் பார்த்தேன். இடுப்பில், பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், கருப்பாக. அடுப்பில் சுட்டுக்கொண்டாளோ என்று நினைத்தேன், கேட்கவில்லை. இப்போது டாக்டர் கேட்கிறார். நான் வாசலில் நிற்கிறேன். அறையில் மேனேஜர், போட்டோக்காரத் தம்பி, கோட்டைச்சாமி. இத்தனை ஆம்பிளை முன்னால் என் வீட்டுக்காரி இடுப்பில் இன்ன இடத்தில் இன்னது இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்? போதாததற்கு விதி. நாற்காலியில் இருப்பவர்தான் பேசலாம். நானே வகுத்து, நானே மீறினால் நாளைக்கு யார் கேட்பார்கள்?

வெள்ளத்தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டோக்கன் அட்டையை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"இல்ல சார்," என்றாள்.

இருபத்திரண்டு டோக்கனும் பன்னிரண்டு ஐம்பதுக்கு முடிந்தது. மேனேஜர் என் தோளைத் தட்டினார். "பெரியவரே, நம்ம பதினோரு சென்டர்ல இதுதான் முதல்." உங்கள் ஆபீஸில் அதற்குப் பேப்பர் இருக்கும்.

வீட்டுக்குப் போய் அன்னக்கொடியிடம் பத்து மாத்திரையைக் கொடுத்து, சீட்டையும் வாசித்துக் காட்டினேன். பல்ஸு எழுபத்தாறு, பிரஷர் நூற்று இருபதுக்கு எண்பது, ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு.

"யாருக்கு?" என்றாள்.

"ஒனக்குத்தான். ஒம் பேரு போட்டிருக்குல்ல."

சீட்டை வாங்கித் தன் பேரைத் தடவிப் பார்த்தாள். அப்புறம், "அப்ப எனக்கு ஏங்க மூச்சு வாங்குது?" என்றாள்.

அச்சில் வந்ததை நான் எப்படி மாற்றிச் சொல்வது சார்? காய்ச்சலில் அப்படித்தான் இருக்கும், படு என்றேன். மாத்திரை போட்டதும் வேர்த்து, சூடு இறங்கியது. சொன்னேன் பார் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முத்திருளியை ஜீப்பில் ஏற்றினார்கள். முப்பத்து நாலு வயசு. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது, அப்படியே திருப்பிக்கொண்டு வந்தார்கள். திங்கட்கிழமை மழை கொட்டியதில் அதே ஒன்பதாவது வளைவு சரிந்தது. பஸ்ஸும் இல்லை, ஜீப்பும் இல்லை. செவ்வாய்க்கிழமை பிலோமினா வரவில்லை. நான் பத்து மணிக்குக் கதவைத் திறந்து, ஒரு மணிக்குப் பூட்டினேன். டோக்கன் பூஜ்யம்.

அன்றைக்குப் பதினொன்றரைக்கு வெள்ளத்தாய் வந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது, சால்வை போர்த்தியிருந்தாள்.

"மாமா, அலமாரியத் தொறங்க."

"என்னத்துக்கு?"

"கோட்டைச்சாமி எந்திரிச்சு நடக்குறாரு, பாத்தீகள்ல? அந்தக் கேப்சூலுதான். ஒச்சம்மாளுக்கு நெஞ்சு ஏறி எறங்குது மாமா. நான் போய்ப் பாத்தேன். அக்குள்ள இருக்கு பொருக்கு. நாந்தான் இல்லைன்னு சொன்னேன். எம் வாயாலதான் சொன்னேன். ஒச்சம்மாளுக்கு ஒண்ணு, அத்தைக்கு ஒண்ணு, ரெண்டு பேருக்குக் குடுங்க. அம்புட்டுத்தான்."

"சீட்டு?"

"சீட்டுக்கு எங்க போவேன்? நெட்டு இருக்கா? நர்ஸ்பிள்ள இருக்கா?"

"சீட்டு இல்லாமக் குடுத்தா கணக்கு எங்க போய் நிக்கும்? வெள்ளிக்கெழமை வரட்டும்."

"வெள்ளிக்கெழமை ஒச்சம்மா இருக்கணுமே மாமா."

நான் அரைஞாண் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அதிகம் பேச வராது, உங்களிடம்தான் இவ்வளவு பேசுகிறேன். அவள் வாசல்படி வரை போய்த் திரும்பினாள். அப்புறம் சொன்னாள், "ஒங்களுக்குக் கன்னத்துல விழுந்த அடி இன்னும் ஆறல. அதுக்கு ஊரு என்ன பண்ணும்?" அவள் அந்த வரிசையில் நின்றவள் இல்லை. யாரோ சொல்லித்தான் தெரிந்திருக்கும். யார் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒச்சம்மா புதன்கிழமை காலையில் போனாள்.

நான் கல் நெஞ்சுக்காரன் என்று நினைக்காதீர்கள். அலமாரியைப் புதன்கிழமை இரண்டு முறை, வியாழக்கிழமை நாலு முறை திறந்து பார்த்தேன். ஐம்பத்தாறு சரியாக இருந்தது. ஒவ்வொரு முறையும் பூட்டிவிட்டு வந்தேன். அன்னக்கொடியின் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். தொண்ணூற்றெட்டு என்று இருக்கிறதே, அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்வேன். வெள்ளத்தாய் விரல்தான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அவள் பேருக்கு நேரே அச்சாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை பிலோமினா சரிவைத் தாண்டி நடந்தே ஏறி வந்தாள். ஒன்பது கிலோமீட்டர். அன்றைக்கு அறையில் இருந்தவர்கள் நாலு பேர். நான், பிலோமினா, வெள்ளத்தாய், இடுப்பு வலிக்கு வந்த எஸ்டேட் வாட்ச்மேன். டோக்கன் மூன்று. யாரும் கார்டு கொடுக்கவில்லை, கொடுத்தாலும் வாங்குகிற நிலைமையில் வெள்ளத்தாய் இல்லை. அவளுக்கே காய்ச்சல். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, முதல் ஆளாக நின்றாள். ஒன்றாவது டோக்கன் அவளுக்கு. அன்னக்கொடிக்கு இரண்டாவது. ஏன் என் வீட்டுக்காரிக்கு முதல் டோக்கன் போடவில்லை என்று பிலோமினாவும் கேட்டாள். வெள்ளத்தாய் ஒன்பதரைக்கே வாசலில் நின்றாள் சார். நான் கார்டோடு வந்தது ஒன்பது நாற்பதுக்கு.

அன்னக்கொடியைத் தூக்கிவர முடியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து இங்கே நூற்று நாற்பது படி. அவள் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது, என்னை யாரோ போலப் பார்த்தாள். தனியாக விடக் கூடாதே என்று பக்கத்து வீட்டுக் கோட்டைச்சாமியை வாசலில் உட்கார வைத்துவிட்டு வந்தேன். வேறு ஆள் கிடைக்கவில்லை. எல்லா வீட்டிலும் ஆள் படுத்திருந்தது.

வெள்ளத்தாய் உட்கார்ந்தாள். இத்தனை நாளில் முதல் முறையாக அவள் கார்டுக்கு அவள் விரல். தொண்ணூறு காட்டியது. பிலோமினா கிளிப்பைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினாள். தொண்ணூறுதான். திரைச்சீலைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்தாள், மாருக்குக் கீழே பொருக்கு இருந்தது. டாக்டர் சீட்டுப் போட்டார். அப்புறம், "இந்தக் குரல எனக்கு நல்லாத் தெரியுமே. போன வாரம் நீங்க வேற யாரோ பேருல..." என்றார்.

வெள்ளத்தாய், "எல்லாப் பேருலயும் நாந்தான் சார்," என்று சொல்லி அழுதாள். "எல்லாம் நாந்தான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. டாக்டர் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்தோம். நெட்டு போயிருந்தது. மணி பத்து நாற்பது.

சீட்டு அச்சாகிவிட்டது, அதனால் வெள்ளத்தாய்க்குப் பதினாலு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். மீதி நாற்பத்திரண்டு. அவள் தேறிவிட்டாள், நீங்கள் வரும்போது குழாயடியில் நின்றாளே, ஒல்லியாக, அவள்தான். எங்களிடம் பேசுவதில்லை. எங்களிடம் என்ன, என்னிடம்.

இரண்டாவது டோக்கனுக்குத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிலோமினா, "ஐயா, ஆச்சிக்குக் கேப்சூல எடுத்துட்டுப் போங்க. நெட்டு வந்ததும் நான் டாக்டர்கிட்ட சொல்லி ஏத்திக்கிறேன்" என்றாள்.

"அப்புறம் ஏத்துனா நேரம் மாறிரும்ல?"

"மாறுனா மாறட்டும் ஐயா."

அவள் சின்னப் பெண். மாறினால் மாறட்டும் என்று சொல்ல முடிகிறது. நான் உட்கார்ந்திருந்தேன். பதினொன்று. பதினொன்றரை. பன்னிரண்டு. வட்டம் சுற்றுகிறது. பன்னிரண்டரைக்குப் பிலோமினா செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிக்னல் கிடைக்குமா என்று பாறை மேல் ஏறினாள். வாட்ச்மேன் பீடி பிடிக்க வெளியே போனான். அறையில் ஒரே ஆள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அலமாரியைத் திறந்தேன். ஒரு அட்டை கேப்சூல் பத்தும், இன்னொரு அட்டையில் நாலும். பதினாலு. சட்டைப் பையில், அந்தச் சீட்டுக்குப் பின்னால் வைத்தேன். முதல் முறை சார். அறுபத்தாறு வயசில் முதல் முறை. பூட்டும்போது சாவி கீழே விழுந்தது. கன்னம் சுட்டது, சத்தியமாகச் சுட்டது.

சென்டர் நேரம் ஒரு மணி வரை. மூன்றாவது டோக்கன் இன்னும் வெளியே இருக்கிறது. அதனால் ஒரு மணி வரை இருந்தேன். பிலோமினா இறங்கி வந்தாள், சிக்னல் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் ஸ்டாக் எண்ணி எழுதுவாள். எண்ணினாள். இருபத்தெட்டு வந்தது. சீட்டுப்படி நாற்பத்திரண்டு இருக்கவேண்டும். என்னைப் பார்த்தாள். என் சட்டைப் பையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் இருபத்தெட்டு என்று எழுதிவிட்டு, "சீக்கிரம் போங்க ஐயா" என்றாள். உங்கள் பேப்பரில் இருக்கிற இருபத்தெட்டு அதுதான். பிள்ளை மேல் தப்பில்லை, இருந்ததைத்தான் எழுதினாள்.

நூற்று நாற்பது படியையும் எண்ணாமல் இறங்கினேன். வாசலில் கோட்டைச்சாமி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்து, சத்தமாக, காது கேட்காதவர்கள் பேசுவதுபோலச் சொன்னார். "நல்லாத் தூங்குறா சுருளி. காலையிலேருந்து ஒரு சத்தம் இல்ல!"

உள்ளே போனேன். தண்ணீர்ச் சொம்பு உருண்டு வாசல் பக்கமாகக் கிடந்தது. தண்ணீர் கோட்டைச்சாமி உட்கார்ந்திருந்த படிவரை ஓடிக் காய்ந்திருந்தது. அன்னக்கொடி பாயை விட்டு இரண்டு முழம் நகர்ந்து வந்திருந்தாள். கை வாசலைப் பார்த்து நீட்டியிருந்தது. எவ்வளவு நேரம் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. அதற்குக் கணக்கு வைக்க ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே வந்து, பதினாலையும் எடுத்த இடத்திலேயே வைத்தேன். அட்டை கசங்கவில்லை, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. அதுதான் உங்கள் பதினாலு கூடுதல். நான் எடுத்தது உண்மை, பன்னிரண்டு ஐம்பதிலிருந்து ஞாயிறு காலை ஏழே கால் வரை அது என்னிடம் இருந்தது. அதற்கு என்ன தண்டனையோ எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் குறைந்தது என்று மட்டும் எழுதவேண்டாம்.

என்ன சார், எழுதாமல் என்னையே பார்க்கிறீர்கள்? பேனா இருக்கிறதல்லவா? இறந்தவர்கள் மூன்று என்று மேலே ஏதோ கட்டத்தில் போட்டிருக்கிறீர்கள், அது வேறு பேப்பர், இதில் கலக்கவேண்டாம். இது மருந்து பேப்பர். வந்தது எழுபது. கோட்டைச்சாமிக்குப் பதினாலு, வெள்ளத்தாய்க்குப் பதினாலு. இன்னொரு தடவை எண்ண வேண்டுமானாலும் எண்ணுங்கள், சாவி இதோ.

மீதி நாற்பத்திரண்டு.